குளிருக்கு அடைத்த வீடு

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் மகளும் மருமகனும் நின்றுகொண்டிருக்கிறார்கள். மருமகன் கையில் பெரிய அட்டைப்பெட்டி. கோலார்ப் பக்கம் இந்த வருஷம் குளிர் கடுமையாக இருக்கும், வயதானவர்களையும் குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனில் செய்தி வந்ததாம். எங்கள் வீட்டில் குழந்தையும் இல்லை, ஆடு மாடும் இல்லை. மிச்சம் இருப்பது நான்தான். என்னைப் பத்திரப்படுத்துவதற்காகப் பெங்களூரிலிருந்து காலை ரயிலில் ஒரு ரூம் ஹீட்டர் வந்து கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறது.

மருமகன் தங்கமான பையன். உட்காரக்கூட இல்லை. பெட்டியைப் பிரித்து, பிளக்கைச் செருகி, பட்டனைத் தட்டினார். கம்பி மெல்லச் சிவந்தது. அதிலிருந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், சூட்டில் தூசி கருகுகிற வாசனை. அது மூக்கில் ஏறியதும் நான் எழுந்துபோய் ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்தேன். திறந்த பிறகுதான் திறந்தது எனக்கே தெரிந்தது.

“இன்னா அத்தை, ஹீட்டர் ஆன் பண்ணிட்டு விண்டோ ஓப்பன் பண்றீங்க? நாங்க ரோட்டுக்கா ஹீட்டர் வாங்கினு வந்தோம்?” என்றார் மருமகன்.

“இருக்கட்டும் மாப்ள. கொஞ்சம் காத்து வரட்டும்.”

மகள் எஸ்தர் சிரித்தாள். “அம்மா, இது கரண்ட்டும்மா. கரி இல்ல. இதுல புகையே வராது.”

“கரியிலயும்தான் புகை வராது” என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். விஷயம் அவளுக்குத் தெரியும். ஆனால் காதால் கேட்டுத் தெரிந்ததுதான். முழுக்க அவளைச் சுற்றியே நடந்த ஒன்றில் அவளுக்கு ஒன்றுமே நினைவில்லை. அப்போது அவளுக்கு மாதம்கூட நிறையவில்லை. மருமகனுக்கு எல்லாவற்றையும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. உங்களுக்கு ரயில் பிடிக்கிற அவசரம் இல்லையே, உங்களிடம் சொல்கிறேன்.

தங்க வயல் என்றதும் வெளியூர்க்காரர்கள் வெயிலில் காய்ந்த ஊர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காய்கிற ஊர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைத் தடவிக்கொண்டு ஒரு காற்று வரும். காதில் ஊசி குத்தினமாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் இந்தக் குளிருக்காகவே எங்கள் ஊரைச் சின்ன இங்கிலாந்து என்று கொஞ்சினானாம். தான் கட்டிக்கொண்ட பங்களாக்களில் நெருப்பு மூட்டச் சுவரில் மாடம் வைத்து, அதற்குமேலே புகைபோக்கியும் வைத்தான். எங்கள் லைன் வீடுகளுக்கு இங்கிலாந்தின் குளிர் வந்தது, புகைபோக்கி வரவில்லை.

லைன் வீடு என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்தது, ஒரு அறை, பின்னால் ஒண்டிக்கொள்ள ஒரு சமையல் கட்டு. ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும். சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. மழைக்காலத்தில் அந்த வழியாகச் சாரல் வரும், மற்ற மாதங்களில் மண்மேட்டுத் தூசி வரும், மார்கழியில் குளிர் வரும். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் அந்த வாசனையும் அதே வழியில்தான் வரும். அந்த இடைவெளியைத் திட்டாத பெண்பிள்ளை எங்கள் வரிசையில் இல்லை. நானும் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன்.

மேலே இப்படிக் குளிர் என்றால், பூமிக்கு அடியில் நெருப்பு. எங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் கை சுடும் என்பார். ஆண்கள் அரை நிஜாரோடு வியர்வையில் குளித்துக்கொண்டு வேலை செய்வார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு அவர்களை அள்ளிக்கொண்டு விர்ரென்று மேலே வந்து, மார்கழிக் காற்றில் கொட்டிவிட்டுப் போகும். அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் எத்தனையோ பேர்.

அதற்காக எங்கள் வரிசையில் ஒரு ஏற்பாடு இருந்தது. கம்பளி முறை என்போம். குளிர்காலத்தில் தினமும் ஒரு வீட்டுப் பெண் எல்லா வீட்டுக் கருப்புக் கம்பளிகளையும் வாங்கி, மூட்டையாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு, பகல் ஷிஃப்ட் மேலே வருகிற நேரத்துக்கு, கேஜ் இறங்கி ஏறுகிற ஷாஃப்ட்டின் கேட் வாசலில் போய் நிற்கவேண்டும். ஆண்கள் வெளியே வரும்போது அவர்கள் மேலிருந்து ஆவி பறக்கும், இட்லிப் பானையைத் திறந்தமாதிரி. கிட்ட வருகிறவர் தோளில் கைக்கு வந்த கம்பளியைப் போடுவோம். இது என்னுடையதா உன்னுடையதா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். எங்கள் சபை மூப்பர் பஜனைக்கோவில் பூசாரியின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போவார். பூசாரி மூப்பருடையதை. அடுத்த நாள் இருவரும் வேறு யாருடையதையோ. நனைந்த கம்பளிக்கு ஒரு வாசனை உண்டு, ஆடும் பீடியும் வியர்வையும் கலந்து. என் வீட்டுக் கம்பளியில் வரிசை முழுக்க இருந்த ஆண்களின் வாசனை இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாராவது தப்பாக நினைப்பார்கள். அன்றைக்கு அதுதான் குளிருக்கு மருந்து.

கம்பளி முறையில் ஒருநாளும் தப்பாதவர் பக்கத்து வீட்டு முனியம்மாக்கா. அவருக்கு மேலே வர ஆள் இல்லை. அவருடைய புருஷன் பாறை வெடித்ததில் கீழேயே இறந்துபோய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. உனக்கு எதற்கு அக்கா முறை, விட்டுவிடு என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். “ஏன், என் ஊட்டுக் கம்பளி மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? அதுவும் ஷாஃப்ட்டப் பாத்துட்டு வரட்டும்” என்பார். புருஷனுடைய கம்பளியையும் மூட்டையில் வைத்துத்தான் கட்டுவார். எல்லாருக்கும் கொடுத்த பிறகு எப்போதும் ஒன்று மிஞ்சும். அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவார்.

பென்ஷனும் நாலைந்து ஆடுகளும் அவர் பிழைப்பு. ஆடுகளில் பெரியவள் பெயர் கேப்டன். சுரங்கத்தில் ஒரு பகுதிக்கு மேலதிகாரியாக இருப்பவரைத்தான் கேப்டன் என்போம். பெட்டை ஆட்டுக்கு இந்தப் பெயரா என்றால், அவளும் யாரையும் நிற்கவிடமாட்டாள், உட்காரவிடமாட்டாள், முட்டித் தள்ளிக்கொண்டே இருப்பாள். ஒருதடவை நிஜ கேப்டனே அந்தப் பக்கம் வந்தபோது அக்கா, “எயவெடுத்த கேப்டன், வவுறு ரொம்பினா போதும் உனக்கு!” என்று கத்திவிட்டார். அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, ஆட்டைப் பார்த்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

எஸ்தர் பிறந்த வருஷம் எனக்குத் தாய் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் போக வீடு இல்லாமல், சுரங்கத்து ஆஸ்பத்திரியில் பெற்று, லைனுக்கே திரும்பி வந்தேன். பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியது, எனக்குப் பத்தியம் வைத்தது, நான் அழுதபோது அதட்டியது எல்லாம் முனியம்மாக்காதான். கர்த்தர் ஒரு கதவை அடைத்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்துவைப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் சென்னைப் பக்கம் ஒரு புயல் கரையேறியது. அங்கே தலை ஆடினால் இங்கே எங்கள்மேல் வால் விழும். விடாத தூறல், அதோடு காற்று. பகலிலேயே பல் தந்தியடித்தது. பேத்தமங்களாப் பக்கம் கிடை போட்டிருந்தவர்களின் செம்மறிகள் நனைந்து விறைத்துச் செத்தன என்று பால்காரர் வந்து சொன்னார். அன்றைக்குப் பார்த்துக் கேப்டன் இரண்டு குட்டி போட்டாள். இரண்டும் வெள்ளை. அன்று மதியமே ஆட்டுக்கொட்டாயின் தகரம் காற்றில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அக்காவின் வீட்டுக்குள்ளும் ஒழுக்கு. மற்ற ஆடுகளை எங்கேயோ ஒண்டவைத்தார். ஈரம் காயாத குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு குந்திவிட்டார்.

எங்கள் வீட்டுக்காரர்தான், “இங்க கொண்டாந்து வுடுக்கா” என்றார்.

“புள்ள பெத்த ஊட்லயா? ஊரு இன்னா பேசும் தம்பி?”

“கேப்டனும் புள்ள பெத்தவதானே? எங்க சாமி பொறந்ததே கொட்டாய்லதான், தெரியுமா உனக்கு? கிறிஸ்மஸ் வருது, எங்களுக்கும் ஒரு கொட்டாய் இருக்கட்டும்.”

“ஆமா. அங்க தேவதூதன் பாடுனான். இங்க கேப்டன் புயுக்க போடுவா. நீதான் அள்ளணும்.”

இப்படியாக ஒரே அறையில் நான், பிள்ளை, ஒரு ஆடு, இரண்டு குட்டி.

இப்போது பிராட்டிஸ் பற்றிச் சொல்லவேண்டும். சுரங்கத்துக்குள் காற்று தானாக எல்லா இடத்துக்கும் போகாது. ஆள் வேலை செய்கிற மூலைக்கு அதைத் திருப்பிவிட, தார் ஏறின கெட்டித் துணியைத் திரைபோலக் கட்டுவார்கள். அதற்குத்தான் பிராட்டிஸ் என்று பெயர். எங்கள் வீட்டுக்காரருக்கு அதைக் கட்டுவதுதான் வேலை. அவர் கட்டினால் சொட்டுக் காற்று தப்பாது என்று அவருடைய ஆட்களே சொல்வார்கள். கழித்துப்போட்ட துண்டுகள் கொஞ்சம் வீட்டில் கிடந்தன. பிள்ளைக்கும் குட்டிகளுக்கும் குளிர் அடிக்கக்கூடாது என்று அவற்றை எடுத்துக் கதவுக்கும் ஜன்னலுக்கும் ஆணியடித்துத் தொங்கவிட்டார். கூரை இடைவெளியில் சாக்கைத் திணித்து, மேலே களிமண்ணை அப்பினார். சமையல் கட்டுக்குப் போகும் வழியையும் விடவில்லை. கதவுக்கு அடியில் மணல் மூட்டை. ஒரு விரிசல் விடாமல், சர்ச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறமாதிரி பக்தியோடு செய்தார். முடித்துவிட்டு அறை நடுவில் நின்று ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தார்.

“பாரு. ஆடுதா?”

சுடர் குத்திவைத்தமாதிரி நின்றது.

“ஆடலங்க” என்றேன். எத்தனையோ மார்கழி அந்த வீட்டுக்குள் புகுந்து புறப்பட்ட காற்று அன்றைக்குத்தான் வெளியே நின்றது. இருவருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் அவர் பகல் ஷிஃப்ட்டுக்குப் போனார். மதியத்துக்கு மேல் குளிர் ஏறியதும் முனியம்மாக்கா வெளியே வைத்துக் குமுட்டி அடுப்பில் கரி பிடிக்கவைத்து, நன்றாகச் சிவந்து புகை அடங்கிய பிறகு உள்ளே கொண்டுவந்து வைத்தார். புகை பிள்ளைக்கு ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும், அதில் நாங்கள் ரொம்ப ஜாக்கிரதை. அறை வெதுவெதுவென்று ஆனது. பிறந்ததிலிருந்து கையைக் காலை உதறி உதறி எழுந்துகொண்டிருந்த பிள்ளை, அன்றைக்குத்தான் கை விரித்துத் தூங்கியது. குட்டிகள் இரண்டும் குமுட்டிப் பக்கத்திலேயே சுருண்டுகொண்டன. கர்த்தாவே, இந்தச் சூட்டுக்காக ஸ்தோத்திரம் என்று மனதுக்குள் சொன்னேன். எதற்குச் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிவிடுகிற ஸ்தோத்திரங்களும் உண்டு.

பொழுது சாயும்போது அக்கா கிளம்பினார். அன்றைக்குக் கம்பளி முறை அவருடையது. “கேப்டனப் பாத்துக்கோ. சொன்ன பேச்சு கேக்கமாட்டா” என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். மணல் மூட்டையைக் காலால் தள்ளித் திரும்பவும் கதவடியில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது. நெற்றிப் பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிறமாதிரி. பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். பால் குடிக்கிற நேரம் தாண்டியும் பிள்ளை எழுந்திருக்கவில்லை. தூங்கட்டும், சூடு கண்ட தூக்கம் என்று அதற்கும் சமாதானம். ஒரு குட்டி மட்டும் கழுத்தை நீட்டித் தரையோடு கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், துவண்டது. ஐயோ, குளிரில் விறைக்கப் பார்க்கிறதே என்று அதைக் குமுட்டிக்கு இன்னும் கிட்டே நகர்த்தி, கூடவே இரண்டு கை கரியும் அள்ளிப் போட்டேன்.

அப்போதுதான் கேப்டன் எழுந்தாள். நேராகக் கதவிடம் போய்த் திரையை முட்டினாள். “சும்மா குந்து கேப்டன்” என்றேன். குந்தவில்லை. பின்னால் வந்து, ஓடிப்போய் முட்டினாள். அவளுடைய அந்தக் கத்தலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பிள்ளை எழுந்துவிடுமே என்ற கோபத்தில் அவள் கொம்பைப் பிடிக்கலாம் என்று எழுந்தேன். எழுந்தேன் என்பது என் நினைப்பு. முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் முழங்கால் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்துவிட்டேன்.

பயமாக இருந்ததா என்று பின்னாளில் எஸ்தர் கேட்டாள். இல்லை. அதுதான் அந்தக் காற்றின் குணம். வலி அதிகம் இல்லை, மூச்சு முட்டவில்லை. கொஞ்சம் கண்ணை மூடிவிட்டு எழுந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம் என்று நிம்மதியாக நினைத்தேன். அந்தச் சமயத்தில் கேப்டனின் கொம்பு திரையில் மாட்டியது. அவள் தலையை உதறினாள். டர்ரென்று ஒரு பக்கம் ஆணியோடு பிய்ந்து விழுந்தது. கதவிடுக்கு வழியாகக் கத்திபோலக் குளிர் உள்ளே வந்து என் முகத்தில் விழுந்தது. அப்போதும் எனக்குக் கோபம்தான், இதைத் திரும்ப யார் ஆணியடிப்பது என்று.

பிறகு அக்காவின் குரல் கேட்டது. கேட்டில் எல்லாருக்கும் கம்பளி கொடுத்துவிட்டு, ஆண்களுக்கு முன்னால் வேகமாக நடந்து வந்திருக்கிறார். தெருமுனையிலேயே கேப்டனின் கத்தல் கேட்டு ஓடிவந்தாராம். மணல் மூட்டையோடு கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

“இன்னாடி இது, பொம்ம மாதிரி குந்திகினு கீற? புள்ள எங்கடி?”

நான் கையைக் காட்டினேன். அவர் பிள்ளையைத் தூக்கினார். தூக்கின கையில் தலை சாய்ந்தது. அவர் அப்படியே வாசலுக்கு, தூறலுக்கும் காற்றுக்கும் ஓடினார்.

“அக்கா, குளிரு! புள்ளய வெளிய எடுக்காதக்கா!”

“மூச்சு இருந்தாத்தான்டி குளிரு! எயுந்து வா வெளிய! வாடீ!”

எழமுடியவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து, ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டே மறு கையால் என்னைத் தோளோடு பற்றித் தரதரவென்று இழுத்து வாசற்படியில் போட்டார். கேப்டன் எங்களைத் தாண்டிக் குதித்து வெளியே போனாள். அக்கா தன் தோளில் கிடந்த கம்பளியில், அந்த மிஞ்சின கம்பளியில், பிள்ளையைச் சுற்றி, முகத்தை மட்டும் காற்றுக்குக் காட்டி உள்ளங்காலைத் தேய்த்தார். “ஆத்தா மாரியாத்தா, கண்ணத் தொற, கண்ணத் தொற” என்று அவர் தன் சாமியிடம் கத்த, “இயேசுவே, இயேசுவே” என்று நான் என் சாமியிடம் முனக, வரிசை முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்காரர் ஷிஃப்ட் ஆட்களோடு வந்தார், யாருடைய கம்பளியையோ போர்த்திக்கொண்டு. என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிய்ந்து தொங்கின பிராட்டிஸைப் பார்த்தார்.

“காஸ்” என்றார். சுரங்கத்தில் ஆளைச் சத்தமில்லாமல் கொல்லுகிற விஷக்காற்றுக்கு அதுதான் பெயர். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், சிவக்கச் சிவக்க இருந்த குமுட்டியைக் கம்பளியாலேயே பிடித்துக் கொண்டுவந்து மழையில் வீசினார். அது சீறினது.

அந்தச் சீறலுக்கும் அதற்கடுத்த சத்தத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. அடுத்த சத்தம் ஒரு சின்ன இருமல். பிறகு பிள்ளை பாலைக் கக்கியது. பிறகு அழுதது. பெரிய அழுகை ஒன்றும் இல்லை, பூனைக்குட்டி சத்தம்தான். அதைக் கேட்டு வாசலில் நின்ற ஆண்பிள்ளைகள் பலபேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கம்பளியோடேயே பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஓட்டமாகத் தூக்கிப்போனார்கள், என்னையும் யாரோ சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு. ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் சற்று நேரம் அந்த அறைக்குள் இருந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் பிராட்டிஸும் இல்லை, சாக்கும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் களிமண்ணைக்கூடக் கடப்பாரையால் குத்தி எடுத்திருந்தார். கூரையோரம் நாலு விரல் வெளிச்சம் தெரிந்தது. அதன் வழியாகப் பழையபடி குளிர் வந்தது. வா தாயே என்று இருந்தது எனக்கு.

நான் குமுட்டிக்குக் கிட்டே நகர்த்திய குட்டி பிழைக்கவில்லை. இன்னொன்று பிழைத்து, தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. கேப்டன் பால் கொடுத்துக்கொண்டே இல்லாத குட்டியின் இடத்தை மோந்து மோந்து பார்த்தாள். நான் அழுதேன்.

“இன்னாத்துக்கு அழுவுற?” என்றார் அக்கா. “அது ஆத்தாளுக்குன்னு நேந்துகினு வுட்டது. திருவியா வரைக்கும் பொறுக்கமாட்டாம முன்னாடியே வந்து எடுத்துகினா. உன் புள்ளய வுட்டுட்டா பாத்தியா? வாய மூடு.” சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் கதவோரம் குந்தியிருந்தார். பிடுங்கிய ஆணிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார். “கீய எனக்கு எல்லாம் தெரியும்க்கா. எந்த மூலைல காத்து செத்திருக்கும்னு மோந்தே சொல்லுவேன். மேல வந்ததும் மறந்துட்டேன்.”

“மேல ஏது காஸுன்னு நெனச்சிட்ட. நான் மட்டும் இன்னா, கரியப் பத்தவெச்சிக் கொண்டாந்து வெச்சவளே நான்தானே” என்றார் அக்கா. “எல்லாரும்தான் தம்பி அப்படி நெனச்சோம். கெட்டதெல்லாம் கீயதான் கீதுன்னு.”

அந்த டிசம்பரில் எல்லா வீட்டிலும் கரிதான், எல்லா வீட்டிலும் சாக்குத்தான். எங்கள் வீட்டைப் பார்த்துப் பிராட்டிஸ் கேட்டு வாங்கிப்போனவர்களும் இருந்தார்கள். மறுநாள் பொழுது சாயும்போது எங்கள் வீட்டுக்காரர் ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“காத்து வருதா?”

உள்ளே போய்க் குச்சியைக் கிழித்துப் பிடிப்பார். சுடர் ஆடினால் அடுத்த வீடு. ஆடாமல் நின்றால் அங்கேயே நின்று, அடைத்ததில் ஒரு சாண் பிரித்துவிட்டுத்தான் நகர்வார். முதலில் சிரித்தார்கள். பிறகு வழக்கமாகிவிட்டது. அதன்பின் வந்த ஒவ்வொரு குளிர்காலத்திலும், காப்பி குடித்துக் கம்பளியை உதறி மடித்துவைத்ததும் அவர் அடுத்த வேலை இதுதான். போகப்போகக் குச்சி தேவைப்படவில்லை, குரல் போதும். வெளியிலிருந்து “காத்து வருதா?” என்பார். உள்ளிருந்து “வருதுண்ணா!” என்று பதில் வரும். ஒரு வீட்டில், “காத்து வருது, சம்பளம்தான் வரல!” என்பார்கள். இன்னொரு வீட்டில், “காத்தும் வருது, கூடவே உன் தங்கச்சி திட்டும் வருது, உள்ள வாண்ணா” என்பார்கள். முனியம்மாக்கா வீட்டு முறை வந்தால் அக்கா பேசமாட்டார், கேப்டன் கத்துவாள். “கேப்டனே சொல்லியாச்சு” என்று இவர் நகர்ந்துவிடுவார். கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டின வீடு, பஜனைக்கு விளக்கு வைத்த வீடு எல்லாவற்றிலும் ஒரே கேள்வி, ஒரே பதில். எஸ்தர் நடக்கப் பழகினதும் அப்பா விரலைப் பிடித்துக்கொண்டு, “காத்து வலுதா?” என்று கூடவே போவாள்.

சுரங்கத்தை மூடினார்கள். கேஜ் நின்றது. மேலே வருகிறவர்கள் இல்லை என்றதும் கம்பளி முறையும் நின்றது. விடியும் முன்னால் பெங்களூருக்கு ரயிலேறி விளக்கு வைத்த பிறகு திரும்புகிற பிழைப்பாகிவிட்டது எல்லாருக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டில் ஆள் இருந்தால்தானே பதில் வரும்? இவர் ஆனாலும் போய்த் தட்டுவார். கரி போய்க் காஸ் அடுப்பு வந்தது, தகரம் போய்ச் சில வீடுகளுக்குத் தளம் வந்தது, ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தது. கேப்டனின் பேத்திகளைக்கூட விற்றாகிவிட்டது. முனியம்மாக்காவை அடக்கம் செய்த அன்று எங்கள் சபையிலிருந்தும் எல்லாரும் போனோம். அன்றைக்குப் பிள்ளையைச் சுற்றின அந்தக் கம்பளியை அக்கா எஸ்தருக்கே கொடுத்திருந்தார். பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்தேன் என்று நினைத்தேன், பூச்சி விட்டுவைக்கவில்லை. திறந்து பார்த்தபோது கையோடு உதிர்ந்தது. வாசனை மட்டும் கொஞ்சம் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரரின் நெஞ்சில் கல்தூசி சேர்ந்துபோயிருந்தது. கடைசிக் குளிர்காலத்தில் அவரால் வாசல்வரைகூட நடக்கமுடியவில்லை. தலையணையை நிமிர்த்தி வைத்து உட்காரவைத்திருப்பேன். ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைக்கிறமாதிரி இறைப்பார். பொழுது சாயும்போது கதவுப் பக்கம் திரும்பி என்னிடம் கேட்பார், “காத்து வருதா?” தனக்குக் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். வரிசையைக் கேட்கிறார். பாதி வீடு பூட்டிக் கிடந்தது. “எல்லா ஊட்லயும் வருதுங்க” என்பேன். அப்புறம்தான் கண்ணை மூடுவார். ஒரு நாள் அப்படி மூடின கண்ணைக் கர்த்தர் தம்மிடத்தில் திறக்கவைத்தார்.

மருமகன் வாங்கித்தந்த ஹீட்டர் நல்ல சாமான். கம்பி சிவக்கிறது, அறை வெதுவெதுப்பாகிறது. ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கிறது. கரண்ட்டு வீணாகிறது என்று எஸ்தர் போனில் திட்டுகிறாள். திட்டிவிட்டுத் தன் வீட்டு ஜன்னலும் திறந்துதான் இருக்கிறது என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்.

பொழுது சாய்ந்து குளிர் ஏறும்போது இன்றைக்கும் நான் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கதவைப் பார்க்கிறேன். யாரும் தட்டுவதில்லை. இருந்தாலும் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? “வருதுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கைப் போடுகிறேன்.